ஒரத்துப்பாளையத்துச் சேறு

சாயக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைப்பதே என் தொழில் என்பதால், நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்திற்கெனக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை திருப்பூரின் சாயநீரைத் தேக்கும் தொட்டியாகிப் போனதை நினைக்கும்போதெல்லாம் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்ட பிறகுதான், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை அங்கே வேரூன்றியது. பார்ப்பவர்கள் நிறத்தைப் பற்றியே கேட்பார்கள். எங்களை வாட்டுவதோ உப்பு. சுத்திகரிப்புத் தொட்டியிலுள்ள நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைத் தின்றுவிடும், உப்பைத் தொடமாட்டா. உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகள் நல்ல நீரைப் பிரித்துத் தந்தபின் எஞ்சும் உவர்நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கியே தீர வேண்டும். செலவு எகிறுவதும் அங்கேதான். அதிலுள்ள சோடியம் சல்ஃபேட் உப்பைப் படிகமாக்கி மறுபடி சாயமேற்றப் பயன்படுத்தலாம். கடைசியில் மூட்டைகளில் சேரும் பழுப்பு நிறக் கலப்பு உப்புக்குத்தான் போக்கிடம் இல்லை. மழை பட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதால் கூரைக்கடியில் அடுக்கி வைக்கிறார்கள்.

அணையில் படிந்த சேறு வேறு வகைச் சிக்கல். கழிவோடு வரும் உலோகங்கள் மணலைவிட நுண்ணிய களிமண்ணிலேயே அதிகம் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பொக்லைனை இறக்குமுன் இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். அள்ளும்போது கலங்கும் நீர் ஆற்றில் இறங்காமல் தடுப்பதும், சேற்றைப் பிழிந்து வரும் நீரைச் சுத்திகரிப்பதும் அதே வடிவமைப்பில் அடங்கும். அள்ளிய சேற்றை வயலுக்கு வண்டலாக அடித்துவிடலாமே என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். எந்த வயலுக்கு என்று திருப்பிக் கேட்டேன்.