ஏமி வைன்ஹவுஸின் வாசலில்

2011 ஜூலை 23 அன்று, லண்டனின் கேம்டன் பகுதியில் உள்ள தன் வீட்டில் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 27 வயதில் இறந்து கிடந்தபோது, ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே போதைப்பொருள்தான் காரணம் என்ற ஊகம் செய்திகளில் பரவிவிட்டது. அவர் உடலில் சட்டவிரோதப் போதைப்பொருள் எதுவும் இல்லை என்பதும், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது என்பதும் பின்னரே தெரிந்தன. இங்கிலாந்தில் வாகனம் ஓட்டுவோரின் ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் வரம்பு 80 மில்லிகிராம். அறையில் மூன்று காலி வோட்கா பாட்டில்கள் கிடந்தன.

சில வாரங்கள் குடியை நிறுத்திவிட்டு அவர் மீண்டும் தொடங்கியிருந்தார் என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. நிறுத்திய நாட்களில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுவதால், முன்பு தாங்கிய அளவே நஞ்சாகிவிடுகிறது; ஹெராயினுக்கும் இது பொருந்தும். அவர் தள்ளாடி நடந்ததைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த ஊடகங்கள், அன்று அவர் வாசலில் குவிந்த பூங்கொத்துகளைப் படமெடுத்தன.