முழங்கும் தண்ணீர்: வெட்டம்ப்கா குறிப்புகள்

பிப்ரவரி 8

அமெரிக்காவின் அலபாமா மாநில வரைபடத்தை விரித்தால் மஸ்கோகி மக்களின் மொழி ஊர் ஊராகக் கண்ணில் படுகிறது. கிரீக் என்று ஆங்கிலேயர் பெயர் வைத்தது இவர்களுக்குத்தான். ஓபலைக்கா என்றால் பெரிய சதுப்பு. சிலகாகா, பிணந்தின்னிக் கழுகுகள் அடையும் இடம். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வெட்டம்ப்கா. வீவா என்றால் தண்ணீர், தம்கா என்றால் முழங்குவது. மஸ்கோகிகளிடம் அமெரிக்க அரசின் முகவராக இருந்த பெஞ்சமின் ஹாக்கின்ஸ் 1790-களின் கடைசியிலேயே இப்படிப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 11

வெட்டம்ப்காவில் கூசா ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன். கரும்பாறைகளுக்கு நடுவே புகுந்து வருகிற தண்ணீர் வெள்ளையாக நுரைக்கிறது. ஊருக்கு மேலே 1928-ல் கட்டி முடித்த ஜோர்டன் அணை எவ்வளவு திறந்துவிடுகிறதோ அவ்வளவுதான் இப்போது சத்தம்.

வடக்கிலிருந்து வரும் கடினப் பாறை இங்கே முடிகிறது. அப்புறம் மென்மையான கடலோரச் சமவெளி. அந்த விளிம்பில்தான் ஆறு இறங்குகிறது. தெற்கே மொபைல் என்ற துறைமுக ஊர்ப் பக்கமிருந்து வரும் படகு இதற்கு மேல் ஏற முடியாது, சரக்கை இங்கே இறக்கியே ஆகவேண்டும். 1834-ல் இது நகரமாகப் பதிவானதற்குப் பின்னால் இந்தப் பாறைகள் இருக்கின்றன.

பிப்ரவரி 19

மஸ்கோகிகளோடு அமெரிக்கா செய்த ஜாக்சன் கோட்டை ஒப்பந்தத்தை இன்று படித்தேன். கூசாவும் டலபூசாவும் சேரும் இடத்தில், 1717-ல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய டூலூஸ் கோட்டை இருந்த அதே மண்ணில், 1814 ஆகஸ்ட் 9-ல் கையெழுத்தானது. அந்த மார்ச் மாதம் ஹார்ஸ்ஷூ பெண்டில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் படையிடம், மஸ்கோகிகளில் எதிர்த்து நின்ற ‘ரெட் ஸ்டிக்ஸ்’ (சிவப்புக் கோல்) பிரிவு வீரர்கள் 800 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். ஒப்பந்தம் பறித்தது சுமார் 2 கோடியே 30 லட்சம் ஏக்கர். ஜாக்சனோடு தோளுக்குத் தோள் நின்று போரிட்ட மஸ்கோகிகளின் நிலமும் அதில் அடக்கம். இந்த அநியாயத்தை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறவில்லை.

எல்லைக்கோட்டைச் சொல்லும் பத்தியில் ஓரிடத்தில் கண் நின்றுவிட்டது. கோடு கூசா வழியே கீழிறங்கி, ‘இம்மண்ணின் மக்கள் வூட்டம்கா என்று அழைக்கும்’ பெரிய அருவியின் மேல்முனைக்கு எதிரே திரும்புகிறது. நிலத்தை எங்கே வெட்டி எடுப்பது என்று காட்ட, அவர்கள் வைத்த பெயரையே அடையாளக் கல்லாக நட்டிருக்கிறார்கள்!

மார்ச் 2

மிஞ்சிய கிழக்குப் பகுதிக்கு 1832-ல் இன்னொரு ஒப்பந்தம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிலம் பிரித்துத் தருவதாகச் சொன்னார்கள். நில வியாபாரிகள் பொய்க் கையெழுத்திலும் ஆள்மாறாட்டத்திலும் அதையும் சுருட்டினார்கள். 1836-ல் பல்லாயிரம் பேரை ராணுவக் காவலில் மேற்கே ஓட்டினார்கள். சிலரைச் சங்கிலியில் பிணைத்தே நடத்திப் போனார்கள்.

மார்ச் 9

போனவர்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுபோனார்கள். ஓக்லஹோமாவில் இன்று ஒரு யூஃபாலா, ஒரு டல்லஹாசி, ஒரு வெட்டம்கா இருக்கின்றன. அங்கே மஸ்கோகிகளின் சுயாட்சி அரசான மஸ்கோகி நேஷனின் தலைநகர் ஓக்மல்கீ கூட ஜார்ஜியா ஆறு ஒன்றின் பெயர்தான். அங்கே 1878-ல் மஸ்கோகிகள் கல்லால் கட்டிய கவுன்சில் மாளிகை பிறகு அவர்கள் கையை விட்டுப் போனது. 1919-ல் அதை நகராட்சி வாங்கியது. தாங்கள் கட்டியதைத் தாங்களே 32 லட்சம் டாலர் கொடுத்து 2010-ல்தான் மஸ்கோகி நேஷன் மீட்டது.