திருநீற்றுப் பொட்டலம்

அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த நாளில், மருத்துவமனை வராந்தாவில் ஆறு மணி நேரம் காத்திருந்த என் கையில், அக்கா செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுத்த திருவதிகைச் சிவன் கோயில் திருநீறு இருந்தது. வியர்வையில் தாள் நைந்து, அச்சு மை விரலில் ஒட்டிக்கொண்டது.

7ஆம் நூற்றாண்டில் சூலைநோய் என்னும் கடும் வயிற்றுவலியால் துடித்த திருநாவுக்கரசருக்கும் தமக்கை திலகவதியார்தாம் திருநீறு அளித்து, கெடிலக் கரையிலுள்ள அக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார் என்பர். அங்கே அவர் பாடிய முதல் பதிகம் அமைதியான சரணாகதி அன்று. வலி பொறுக்க முடியவில்லை, விலக்க மாட்டீரா என்ற முறையீடு. நம்பிக்கை என்றால் வாய்மூடிப் பொறுத்திருப்பதே என்று எண்ணியிருந்த எனக்கு (அடிக்கடி கோயிலுக்குச் செல்பவனும் அல்லன் நான்) அந்த உரிமை பிடித்திருந்தது. நானும் இறைவனிடம் முணுமுணுத்தேன், சற்றுக் கோபமாகவே.

செவிலியர் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்ததும், பொட்டலத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஓடினேன்.