காலிப் பெட்டி

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் இரண்டு வருஷம், ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியை நான் வெறும் பெட்டியாகத்தான் பார்த்தேன். ஃபில்டர் உட்கார ஒரு இடம், அவ்வளவுதான். அதைக் கழற்றி வீசிவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலேயே கூம்பு ஃபில்டரை மாட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். இன்ஜின் மூச்சு இழுக்கிற சத்தம் அப்படி.

அப்படி ஒரு வண்டி என் கைக்கு வந்தது. 250 சிசி, ஒற்றை சிலிண்டர், பழசு. ஐடிலில் நன்றாக நிற்கும், முழு ரேஸிலும் ஓடும். நடுவில் மட்டும் திணறும். ஆக்சிலரேட்டரைக் கால்வாசி தாண்டித் திருகினால் ஒரு நொடி செத்துவிட்டு, அப்புறம் குதித்துக் கிளம்பும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெள்ளை வெளேரென்று இருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்றிப் போட்டேன். அதைவிடப் பெரியது போட்டேன். பெட்ரோல் அளவை ஒழுங்குபடுத்தும் ஊசியை ஒரு காடி ஏற்றினேன். பிளக் கறுத்ததே தவிர திணறல் போகவில்லை. இப்படியே மூன்று நாள்.

நான்காம் நாள் சீனியர் அண்ணன் வந்து, ஃபில்டர் ரப்பரை லேசாக விலக்கி டார்ச் அடித்தார். "இந்த ஓட்டை எதுக்குன்னு தெரியுமா தம்பி?"

கார்புரேட்டர் வாயின் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள். அவற்றில் ஒன்றின் மேல் ஃபில்டரின் ரப்பர் உதடு பாதி ஏறி உட்கார்ந்திருந்தது. இந்த வகை கார்புரேட்டரில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை. ஸ்லைடோடு சேர்ந்த டயாஃபிரம் என்கிற ரப்பர் சவ்வுக்கு மேலும் கீழும் இருக்கிற அழுத்த வித்தியாசம். கீழ்ப்பக்கத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் போகும் வழி அந்தத் துளைதான். அங்கே காற்று அசையாமல் நின்றால்தான் ஸ்லைடு சீராக ஏறும். பாதி வழியை ரப்பர் அடைத்துக்கொண்டு, மீதி வழியில் ஓட்டத்துக் காற்று சுழன்று அடித்தால் எப்படி ஏறும்? மூன்று நாளும் நான் பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரப்பரைச் செதுக்கிவிட்டதும் பாதி சரியானது. மீதிக்கு, துளையருகே காற்று அசையாமல் நிற்க, பெட்டி வேண்டும். அந்த மாடலுக்குப் பெட்டி எங்கே தேடியும் கிடைக்கவில்லை. "செஞ்சிடு" என்றார் அண்ணன், ஏதோ பஞ்சர் ஒட்டச் சொல்வதுபோல.

சீட்டுக்கு அடியில் பேட்டரி போக மிஞ்சிய இடத்தை அட்டையில் வெட்டி வெட்டி அளவெடுத்தேன். அந்த வடிவத்தைத் தெர்மாக்கோலில் செதுக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அழகாக வந்திருந்தது. கண்ணாடி இழையாலான ஃபைபர் மேட்டை விரித்து பாலியெஸ்டர் ரெசினைப் பிரஷ்ஷால் தடவினேன். மூலை மெல்ல உள்ளே இறங்கியது. அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த மூலையும் இறங்கியது. வெந்நீரில் போட்ட வெல்லம் மாதிரி என் ஒரு சாயங்காலம் கண் முன்னால் கரைந்து போனது. ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாக்கோலைத் தின்றுவிடும் என்று அண்ணனுக்கு முன்பே தெரியும். சொல்லவில்லை. சிரித்து முடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

இரண்டாம் முறை அச்சு முழுக்க பேக்கிங் டேப் ஒட்டி, மெழுகு தேய்த்து, அதன் மேல் மூன்று அடுக்கு மேட். இறுகியதும் உள்ளிருந்த தெர்மாக்கோலைக் கொத்திக் கொத்தி எடுத்தேன். ஓரங்களை உப்புத்தாள் போட்டதில் முழங்கை வரை இரண்டு நாள் அரிப்பு.

தண்ணீர் ஊற்றி அளந்தால் மூன்று லிட்டர் பிடித்தது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் சீராக உறிஞ்சுவதில்லை. இரண்டு சுற்றுக்கு ஒரு மடக்கு. பெட்டி சின்னதாக இருந்தால் ஒவ்வொரு மடக்குக்கும் உள்ளே அழுத்தம் விழுந்து எழும். காலியாகக் கிடக்கிற அந்த இடம்தான் அதைத் தாங்குகிறது. ஃபில்டரைப் பெட்டியின் நடுவே தடுப்பில் பொருத்தி, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் மூச்சுக்குழாயைச் சுத்தமான பக்கம் சேர்த்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டேன்.

என்னை அதிகம் படுத்தியது மூடிதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு மயிரிழை வழி இருந்தாலும் போதும், தூசி உள்ளே போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் அரம் போலத் தேய்த்துவிடும். பெட்டிக்குள் டார்ச்சை வைத்து மூடி, விளக்கை அணைத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் வெளிச்சம் கசிந்தது. அடைத்தேன். அப்புறம் சுத்தமான பக்கத்து விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி 200 கிலோமீட்டர் ஓட்டிவரச் சொன்னேன். திறந்தால், மூடிக்கு அடியில் ஒட்டிய ஃபோம் பட்டையின் இரு முனைகள் சேரும் இடத்துக்கு நேராக கிரீஸில் பழுப்பாக ஒரு கோடு. இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக வெட்டிப் போட்டதும் கோடு மறைந்தது.

மெயின் ஜெட் பழைய நம்பருக்கே திரும்பியது. பிளக் இளம் பழுப்பு. வண்டிக்காரர் ஒரு சுற்று போய் வந்து, திணறலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சத்தம் போயிடுச்சேண்ணே" என்றார், முகம் வாடி.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது பெட்டியைத் திறந்தேன். கிரீஸ் சுத்தமாக இருந்தது. ஃபில்டரின் வெளிப்பக்கத்தில் மட்டும் கடுகளவு வெள்ளையாக ஒரு தெர்மாக்கோல் மணி ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்புவதற்குள் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.