தெர்மாகோல் பெட்டியில் ஒரு புற்று

கோடை தொடங்கிவிட்டால் எங்கள் மீட்பு மையத்துக்குப் பாம்பு முட்டைகள் வர ஆரம்பித்துவிடும். சென்னைக்குத் தெற்கே மனை போடும் வேலை ஓய்வதே இல்லை. ஜேசிபி புதரையும் புற்றையும் சேர்த்துத் தள்ளும்போது நல்ல பாம்பின் முட்டையோ சாரையின் முட்டையோ வெளியே வந்து விழும். இருந்த இடத்திலேயே விட்டுவிடத்தான் முதலில் பார்ப்போம். நல்ல பாம்பு தன் முட்டைகளோடு தங்கிக் காவல் இருக்கும் இனம். தாயைப் பிரிப்பது கடைசி வழி. ஆனால் புற்றே போய்விட்ட இடத்தில் எங்கே விடுவது? வனத்துறைக்குச் சொல்லி, அனுமதி வாங்கி, எடுத்து வருவோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஊர்வனவற்றின் முட்டையையும் விலங்காகவே கணக்கில் எடுக்கிறது. ஆகவே ஆசைப்பட்டு யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

கடையில் கிடைக்கும் கோழி இன்குபேட்டர் எங்களுக்கு உதவாது. அது 37.5 டிகிரியில் ஓடும், முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பாம்பு முட்டைக்கு இரண்டுமே எமன். பறவை முட்டைக்குள் மஞ்சள்கருவை நடுவில் பிடித்து வைக்க முறுக்கிய இழைகள் உண்டு. ஊர்வனவற்றுக்கு அது கிடையாது. இட்டு ஓரிரு நாளில் கரு மேல்புற ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால் செத்துப்போகலாம். அதனால் மண்ணிலிருந்து எடுக்கும் முன்பே ஒவ்வொரு முட்டையின் தலையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவோம். பேனா கூடாது, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் ஓடு மையை உறிஞ்சும். ஒன்றோடொன்று ஒட்டிய முட்டைகளைப் பிரிக்கவும் மாட்டோம், கொத்தாகவே வைப்போம்.

பாம்பு முட்டை பொரிக்கும் பெட்டியை நாங்களே செய்யும் வழியைத் தேடினால் கிடைத்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. தெர்மாகோல் பெட்டி, அடியில் தண்ணீர், அதில் மீன்தொட்டி ஹீட்டர். எல்லாமே சூடேற்றும் கவலை. நமக்கோ மே மாதம் நிழலிலேயே 38, 40 என்று போகிறது. நல்ல பாம்பு முட்டைக்கு 28 முதல் 30 வரை போதும். எங்களோடு வேலை செய்யும் இருளர் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “வெளிய வெயிலு கொளுத்துற அன்னிக்கும் புத்துக்குள்ள கைய வெச்சுப் பாரு தம்பி, குளுகுளுன்னு இருக்கும். ராவுல பாத்தாலும் அதே மாதிரிதான் இருக்கும்.” அங்கேதான் எனக்கு வேலை பிடிபட்டது. நாங்கள் செய்ய வேண்டியது சூட்டுப் பெட்டி அல்ல, ஏற்ற இறக்கம் தெரியாத பெட்டி.

மீன் மார்க்கெட்டில் ஐஸ் அடைத்து வரும் கனமான தெர்மாகோல் பெட்டியை எடுத்துக்கொண்டோம். நடுவே ஒரு தடுப்பு. தடுப்பில் கம்ப்யூட்டர் ஃபேன் நுழையும் அளவு ஒரு துளை, காற்று திரும்பிவர இன்னொன்று. ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் ஐஸ் பாட்டில். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எஸ்.டி.சி-1000 என்ற தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் கருவி, வாங்கினோம். அதில் சூட்டுக்கு ஒரு ரிலே, குளிருக்கு ஒரு ரிலே; ரிலே என்றால் தானாக இயங்கும் ஸ்விட்ச். சூடு ஏறினால் ஃபேன் சுற்றி ஐஸ் பக்கத்துக் காற்றை இழுக்கும். மழை இரவில் இறங்கினால் சிறிய ஹீட்டர் எரியும். முட்டைப் பக்கம் முழுக்க ஓரங்களில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினோம். கரண்ட் போனாலும் அந்தத் தண்ணீர் சூட்டைச் சட்டென்று மாறவிடாது. ரிலே ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போகும் ஆபத்து உண்டு. அதற்காக ஹீட்டருக்குப் போகும் அதே மின்கம்பியில் இன்னொரு தெர்மோஸ்டாட். சென்சாரை மூடியில் தொங்கவிடாமல் முட்டை மட்டத்தில் வைக்க வேண்டும். மூடிக்கும் அடிக்கும் இரண்டு டிகிரிகூட வித்தியாசம் வரும். பெட்டியை வெறுமையாகவே சில நாள் ஓடவிட்டு, வேறொரு தெர்மாமீட்டரோடு ஒத்துப்பார்த்த பிறகே முட்டையை உள்ளே வைத்தோம்.

ஈரத்தில்தான் கை பழக வேண்டும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற தாதுத் துகள் மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும். அதே எடைக்குத் தண்ணீர் கலந்தால் கையில் பிழிந்தால் சொட்டாத பதம் வரும். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அதைப் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்து, டப்பாவோடு எடை போட்டுக் குறித்துவைப்போம். எடை குறைந்தால் குறைந்த அளவு தண்ணீரை ஓரமாக விடுவோம், முட்டைமேல் படாமல். ஓடு குழி விழுந்தால் ஈரம் போதவில்லை. நல்ல முட்டை தண்ணீரை உறிஞ்சி நாளாக நாளாகப் பருத்துக்கொண்டே வரும். இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையை ஒட்டிப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் படர்ந்திருப்பது தெரியும். அதைப் பார்த்த அன்று மையத்தில் எல்லோரும் சீக்கிரம் வீட்டுக்குப் போக மறந்துவிட்டார்கள்.

பாம்புக் குஞ்சின் ஆண், பெண் பிறவியிலேயே குரோமோசோமில் முடிவாகிவிடும், அதனால் அரை டிகிரிக்கு நாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. முதலைக்காரர்களின் பாடு அப்படியல்ல. சதுப்புநில முதலையின் முட்டையை 31 டிகிரிக்குள் வைத்தால் எல்லாம் பெண்ணாகவே பொரியும், 32.5-ஐ ஒட்டி ஆண்கள் மிகும். சென்னைக்குத் தெற்கே உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகள் இதை நன்றாகக் காட்டியிருக்கின்றன. அங்கே தெர்மோஸ்டாட்டைத் திருகுவது ஒரு தலைமுறையின் பாலினத்தைத் திருகுவது மாதிரி.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நல்ல பாம்பு பொரியும். குஞ்சின் மூக்கு நுனியில் இருக்கும் சிறு பல் ஓட்டைக் கீறும். பிளேடால் இழுத்தது போல் இரண்டு மூன்று கோடுகள், அதில் ஒரு மூக்கு. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். இந்த நேரத்தில் உதவி செய்யக் கை துறுதுறுக்கும், கூடவே கூடாது. மிச்ச மஞ்சள்கருவை உறிஞ்சிக்கொள்ள அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ வேண்டும். வெளியே வந்த குஞ்சுக்கு சிறு படமும் முழு விஷமும் உண்டு என்பதால் டப்பா மூடியைக் கொக்கியால்தான் திறப்போம்.

மஞ்சள்கரு உள்ளே போன தொப்புள் மூடியதும் வனத்துறை ஊழியர்கள் வந்து எண்ணிக் கையெழுத்திடுவார்கள். எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆள் நடமாட்டம் இல்லாத புதர்க்காட்டில், தனித்தனியாக விடுவோம். வைத்து வளர்ப்பதில்லை. அடுத்த சீசனுக்குள் அந்த ஃபேனையும் தெர்மோஸ்டாட்டையும் ஒரு சிறிய பேட்டரியில் ஓட வைத்துவிட்டால், கரண்ட் போன இரவுகளில் முறை வைத்து ஐஸ் பாட்டில் மாற்றும் பிள்ளைகள் கொஞ்சம் தூங்கலாம்.