முப்பது கேவிஏ

கஜா புயல் அடித்து நாலாம் நாள் இரவு மதுரையிலிருந்து கிளம்பினோம். 2018 நவம்பர் 19. லாரியில் பிரெட், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், மெழுகுவர்த்தி, கொசுவத்தி, பாய், இருபது தார்ப்பாய், அப்புறம் பதினோரு மூட்டை பழைய துணி. துணி வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சுனாமிக்கு நாகப்பட்டினம் போய் வந்தவர்கள், அங்கே ரோட்டோரம் மலைபோல் கிடந்த பழைய துணிகளைப் பற்றி அப்போதே சொல்லியிருந்தார்கள். ஆனால் தெருவில் வீட்டுக்கு வீடு துவைத்து மடித்துக் கொடுத்தது. திருப்பிக் கொடுக்க யாருக்கு வாய் வரும்? ஏற்றினோம். அதில் ஒரு கோட்டு சூட்டும் இருந்தது.

நான் மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன். கருகின மோட்டாரைப் பிரித்து, காயில் கட்டி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பது வேலை. நிவாரணம், தொண்டு என்றெல்லாம் முன்பின் பழக்கமில்லை. பக்கத்துக் கடை நண்பர்கள் கிளம்பினார்கள், லாரியில் ஓர் இடம் இருந்தது, ஏறினேன். கைப்பழக்கத்தில் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் பையில் இருந்தன. அவ்வளவுதான் என் தயாரிப்பு.

மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி வரை சாதாரணமாக இருந்தது. அறந்தாங்கி நெருங்க நெருங்க இருட்டு. ஊர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஊர் தெரியவில்லை. பேராவூரணிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. விடியாமலே இருந்திருக்கலாம். தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. சில மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன, சில பாதியில் முறிந்து மொட்டையாக நின்றன. மின்கம்பங்களும் அப்படியே. நாலு மாவட்டத்திலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கம்பங்கள் போயின என்று பின்னால் செய்தியில் பார்த்தேன். அந்த ரோட்டில் வந்தவனுக்கு அந்தக் கணக்கு அதிகமாகத் தெரியாது.

மெயின் ரோட்டிலேயே லாரியை மறித்தார்கள். விழுந்த தென்னையைக் குறுக்கே இழுத்துப் போட்டு, இளவட்டங்கள் பத்துப் பேர். எங்களோடு வந்த ஒருவருக்குக் கோபம். எனக்கு வரவில்லை. மூன்று நாளாக லாரி லாரியாகக் கண் முன்னால் போகிறது, நிற்பதில்லை என்றால் யாராக இருந்தாலும் மறிக்கத்தான் செய்வார்கள். பாதிச் சரக்கு அங்கேயே இறங்கியது. பிறகு ஒரு பெரியவர் வந்து, "தம்பி, ரோட்டு மேல உள்ளவன் எப்படியும் வாங்கிக்குவான். உள்ள போங்க" என்று கை காட்டினார். உள்ளே என்றால் வாய்க்கால் கரையோடு நாலு கிலோமீட்டர். லாரி போகாது. டிராக்டரில் மாற்றி ஏற்றிக்கொண்டு போனோம்.

அந்த ஊரில் பிரெட்டை யாரும் கையில் வாங்கவில்லை. தார்ப்பாய் மட்டும் அஞ்சு நிமிடத்தில் தீர்ந்தது. ஓடு பறந்த வீடுகள், கூரை போன வீடுகள், மேலே மழை வேறு. சாப்பாட்டுக்கு அவர்களே பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே பொதுவாகப் பொங்கிக்கொண்டிருந்தார்கள். அரிசி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. குடிக்க இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். விழுந்த மரத்துக் காய்கள். எங்களுக்கும் ஆளுக்கு இரண்டு. தண்ணீர் பாட்டில் கொண்டுபோன எங்களுக்கு இளநீர் கொடுத்து உபசரித்தது அந்த ஊர். வாங்கிக் குடிக்கும்போது கூசியது. ஆனால் இளநீரில் குழந்தையைக் குளிப்பாட்ட முடியாது, பாத்திரம் கழுவ முடியாது.

மேல்நிலைத் தொட்டி ஊர் நடுவில் கம்பீரமாக நின்றது. முப்பதாயிரம் லிட்டர். புயலில் அதற்கு ஒரு கீறல் இல்லை. போர்வெல்லும் சரி, ஏழரை குதிரைசக்தி மோட்டாரும் சரி. கரண்ட் மட்டும் இல்லை. தொட்டி ஆபரேட்டர் ஐம்பதைத் தாண்டியவர், மோட்டார் ரூம் வாசலில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். அஞ்சு நாளாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாராம். எங்களோடு வந்த சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இதுல ஓடுமா தம்பி?"

"ஓடாதுண்ணே. மோட்டாருக்கு மூணு பேஸ் கரண்ட் வேணும், இது சிங்கிள் பேஸ். லைட்டு எரியும், போன் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான்."

அவர் மறுபடி உட்கார்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. டவர் கிடைக்கும் இடம் தேடிப் போய் மதுரைக்குப் போன் போட்டேன். கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுபவர் ஒருவர் எனக்குப் பழக்கம். "பத்து கேவிஏ போதுமா?" என்றார். கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு. பத்து போதாது. நீர்மூழ்கி மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த இரண்டு நொடி, ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர் அங்கேயே மூச்சை விட்டுவிடும். முப்பது கேவிஏ வேண்டும் என்றேன். கார்த்திகை மாதம் பிறந்தும் முகூர்த்தத்துக்குப் போகாமல் சும்மாதான் நிற்கிறது என்று சொல்லி மறுநாள் மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். சும்மா நிற்கவில்லை, இரண்டு ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது. வாடகை வாங்கவில்லை. டீசல் மட்டும் எங்கள் பொறுப்பு. காரைக்குடியிலிருந்து பேரலில் வந்தது.

நண்பர்கள் லாரியோடு திரும்பிப் போனார்கள். நான் தங்கிவிட்டேன்.

முதல் தொட்டியிலேயே ஒரு சொதப்பல். ஒயரைக் கொடுத்து, ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆம்பியர் காட்டுகிறது, தண்ணீர் மேலே ஏறவில்லை. சுற்றிலும் குடத்தோடு நூறு பேர். எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. மூன்று பேஸ் வரிசை மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அணைத்துவிட்டு இரண்டு ஒயரை மாற்றிப் போட்டேன், குழாய் ஒரு குலுக்குக் குலுக்கியது. ஏறிவிட்டது. இருபத்தைந்து வருடமாக மோட்டார் கட்டுகிறவன், கடையில் பத்து வயதுப் பையன்கூடச் சொல்லும் விஷயத்தை நூறு குடத்தைப் பார்த்த பயத்தில் மறந்துவிட்டேன்.

இன்னொன்று, அதைவிட முக்கியம். ஜெனரேட்டர் ஒயரை இணைக்கும் முன் ஈபி பக்கத்து பியூஸ் மூன்றையும் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காவிட்டால் நம் கரண்ட் பின்னால் லைனுக்குப் போகும். அந்த லைனில் கை வைத்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும் லைன்மேன்கள் வந்து, வயலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் முன்புதான் கேரளத்தில் வெள்ளம். நம் ஊரிலிருந்து அங்கே லாரி போனது. இப்போது அவர்கள் இங்கே. ஆபரேட்டர் அண்ணனிடம் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். திண்ணையில் வைத்தால் யாராவது உதவி செய்கிறேன் பேர்வழி என்று திருப்பிச் சொருகிவிடுவார்கள். நடக்கும்போது அவர் பையில் பீங்கான் கடகடவென்று சத்தம் போடும்.

ஒரு தொட்டி நிரம்ப இரண்டரை மணி நேரம். ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோனோம். ஒரு நாளைக்கு நாலு தொட்டி, ராத்திரி முழித்தால் அஞ்சு. எந்த ஊர் முதலில் என்று சண்டை வரத்தான் செய்தது. ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் ஆபரேட்டர் அண்ணன் ஊர் வரிசை எழுதினார். எந்தத் தெருவில் கைக்குழந்தைகள் அதிகம், எங்கே அடிபம்பு இருக்கிறது, எங்கே இல்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னிடம் கேட்டிருந்தால் ரோட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆரம்பித்திருப்பேன். வசதியான ஒருவர் தன் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு மணி நேரம் கேட்டு வந்தார், டீசல் காசு தருகிறேன் என்றும் சொன்னார். அண்ணன் அட்டையை அவர் முன்னால் நீட்டி, "இதுல ஒங்க தோட்டம் இல்லியே" என்றார். அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் ஓடும் இடமெல்லாம் திருவிழாக் கூட்டம். ஒரு பலகையில் பிளக் பாயிண்ட் அடித்து வைத்தேன், முப்பது நாற்பது போன் தொங்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேச ஒரு ஆத்தா மூன்று ஊருக்கு எங்கள் பின்னாலேயே நடந்து வந்தது. 23ஆம் தேதி கார்த்திகை தீபம். கரண்ட் இல்லாத ஊரில், சாய்ந்த தென்னைகளின் தூரில் அகல் வைத்திருந்தார்கள். பௌர்ணமி நிலா. அழகாக இருந்தது என்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மரத்தைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவுதான் அண்ணன் சொன்னார், அவருக்கும் நாற்பது மரம். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருடம். கிடக்கிற மரத்தைச் சீக்கிரம் அகற்றாவிட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நிற்கிற மரத்தையும் தின்றுவிடும். அறுக்க மெஷின் ஆள் கிடைக்கவில்லை. பதினோரு மூட்டை துணிக்குப் பதில் மரம் அறுக்கும் மெஷின் நாலும் இரண்டு ஆட்களும் கொண்டுபோயிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். மெஷின் சங்கிலி தென்னை நாரில் சீக்கிரம் மழுங்கும், அரமும் வேண்டும்.

ஆறாம் நாள் வேறொரு குழு இரண்டு பெரிய ஜெனரேட்டரோடு வந்தது. அட்டையை அவர்களிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். கடையில் ஏழு மோட்டார் காத்திருந்தது. மூன்று பேர் திட்டினார்கள்.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் காலை அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, நம்ம லைனுக்கு கரண்ட் வந்துருச்சு. மோட்டாரு ஓடுது. தண்ணி ஏறல."

எனக்குச் சிரிப்பு வந்தது. புதுக் கம்பம், புது இழுவை, எங்கோ வரிசை மாறியிருக்கிறது.

"பியூஸைப் பிடுங்குங்கண்ணே."

"பிடுங்கிட்டுத்தான் பேசுறேன். பையில இருக்கு."

"ஸ்டார்ட்டருக்கு வர்ற மூணு ஒயர்ல ஏதாவது ரெண்டை மாத்திப் போடுங்க."

போனை எங்கோ வைத்தார். ஸ்க்ரூடிரைவர் சத்தம், யாரோ குடத்தை உருட்டும் சத்தம், ஒரு குழந்தை அழுகை. பிறகு ஸ்டார்ட்டர் டக்கென்று ஒட்டியது.

"குழாய் குலுங்குது தம்பி" என்றார்.