7,000 மாற்றம் செய்து பார்த்தால் எவ்வளவுக்குக் காப்புரிமை?

ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளியோடு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் தெரியும், பாதி உயிரை அந்தக் காத்திருப்பே வாங்கிவிடும். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாராட்டுமுமாப் ட்ரிப்ஸாக ஏற மணிக்கணக்கில் ஆகும். அதே மருந்தோடு ஒரு நொதியைச் சேர்த்து வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால், 15 மி.லி.யும் 3 முதல் 5 நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறது. அமெரிக்காவில் 2020இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

அந்த நொதி ஹையலுரோனிடேஸ். தோலுக்கடியில் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஹையலுரோனான் என்கிற நீளமான சர்க்கரைச் சங்கிலிகளை இது வெட்டிவிடும், மருந்து பரவ வழி கிடைக்கும், ஓரிரு நாளில் உடம்பே சங்கிலிகளைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் மாடு, ஆடு இவற்றின் விதைகளிலிருந்து எடுத்தார்கள். சான் டியாகோவில் இருக்கும் ஹேலோசைம் நிறுவனம், மனித விந்தணுவில் இருக்கும் பிஎச்20 நொதியைக் கரையும் வடிவில், 447 அமினோ அமில (புரதச் சங்கிலியின் கண்ணிகள்) நீளத்தில் செய்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவதுதான். இன்சுலினோடு இந்த நொதியைச் சேர்த்தால் இன்சுலின் இன்னும் வேகமாக ரத்தத்தில் சேரும். ஆனால் ஒரே இன்சுலின் குப்பியில் பல முறை ஊசி குத்துவதால், கிருமி வளராமல் இருக்க அதில் மெட்டா கிரெசால், ஃபீனால் மாதிரி பொருள்களைப் போட்டே ஆக வேண்டும். பிஎச்20க்கு அவை ஆகவே ஆகாது, அதன் மடிப்பு குலைந்து செயல் போய்விடும். அதனால் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, அந்தச் சூழலிலும் தாக்குப்பிடிக்கும் வடிவம் எது என்று தேடினார்கள். 204ஆம் இடத்தில் இருந்த ஃபீனைல்அலனினை எடுத்துவிட்டு புரோலினை வைத்தது அப்படிக் கிடைத்த ஒன்று. ஒரே ஒரு அமினோ அமிலம்தான், ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பின்னால் எவ்வளவு உழைப்பு! ஏறக்குறைய 7,000 மாற்றங்களை ஆராய்ந்ததாக அந்த நிறுவனம் சொல்கிறது. இந்த உழைப்புக்குக் காப்புரிமை கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எவ்வளவுக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 447 இடம், ஒவ்வொன்றிலும் வேறு 19 அமினோ அமிலங்கள் என்றால் 8,493 ஒற்றை மாற்றங்கள். இரண்டு இடங்களைச் சேர்த்து மாற்றினால் சுமார் 3.6 கோடி. மூன்று இடம் என்றால் பத்தாயிரம் கோடிக்கு மேல். இந்தத் துறைக் காப்புரிமைகளில் சர்வசாதாரணமாக வரும் வாசகம், “இந்த வரிசையோடு குறைந்தது 95 சதவீதம் ஒத்துப்போகும் எல்லா நொதிகளும்”. பிஎச்20இல் அதற்கு அர்த்தம் 22 இடங்கள் வரை மாற்றிக்கொள்ளலாம் என்பது. அந்த எண்ணிக்கை 1க்குப் பின்னால் ஏறத்தாழ 65 பூஜ்யங்கள்! தனித்தனியாக நன்மை தரும் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் நொதியே கெட்டுப்போவதும் உண்டு, செய்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆம்ஜென், சனோஃபி என்ற மருந்து நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது இதைப் பற்றித்தான். ஆம்ஜென் வரிசையோடு விவரித்தது 26 ஆன்டிபாடிகள், கேட்டதோ கெட்ட கொழுப்பைக் கூட்டும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைப் பிடித்துத் தடுக்கும் மொத்த வகையையும். எவ்வளவு பெரிதாகக் கேட்கிறாயோ, அவ்வளவையும் மற்றவர்கள் செய்யும்படி விளக்கியிருக்க வேண்டும் என்று சொல்லி, அந்த உரிமைகோரல்களை (காப்புரிமையில் எது தன்னுடையது என்று எழுதும் வாசகங்கள்) நீதிமன்றம் ஏற்கவில்லை.

அந்த வாதம் இப்போது பிஎச்20க்கும் வந்துவிட்டது. மெர்க் நிறுவனம் தனது புற்றுநோய் மருந்தான கீட்ரூடாவைத் தோலுக்கடியில் போடும் வடிவில் கொண்டுவர, தென் கொரியாவின் ஆல்டியோஜென் நிறுவனம் செய்த வேறொரு மாற்றியமைத்த ஹையலுரோனிடேஸை எடுத்துக்கொண்டது. 2025 ஏப்ரலில் தன் காப்புரிமைகளை மெர்க் மீறுவதாக ஹேலோசைம் நியூ ஜெர்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, மெர்க் அதற்கு முன்பே காப்புரிமை அலுவலகத்தில் அந்தக் காப்புரிமைகளை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்க, அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதலும் கிடைத்தது, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே நிமிட ஊசி.

சரி, செய்து பார்த்ததற்கு மட்டும் கொடுத்தால் போதுமா என்றால், அதுவும் நியாயமாகப் படவில்லை. எங்கோ ஓரத்தில், செயலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு இன்னொருவன் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் நான் கேட்பது இதுதான். 204இல் புரோலின் மாதிரி குறிப்பிட்ட மாற்றத்தை உரிமைகோரலின் மையத்தில் வையுங்கள். மெட்டா கிரெசாலில் இத்தனை மணி நேரம் வைத்த பிறகு இவ்வளவு செயல் மிஞ்ச வேண்டும் என்று அளவையும் எழுதுங்கள். மற்ற இடங்களில் எதை மாற்றினாலும் தாங்கும் என்று சோதனையில் காட்டியிருக்கிறீர்களோ, அதுவரை விரித்துக்கொள்ளுங்கள். ஏழாயிரம் மாற்றங்களின் தரவு கையில் இருப்பவர்களுக்கு இப்படி எழுதுவது கஷ்டமே இல்லை.